கொலறாடோ ஆறும் அதன் உரையாசிரியர்களும்

தமிழிலே ஆறு என்னுஞ் சொல் நீர் செல்லும் வழியையும் மாந்தர் செல்லும் வழியையும் ஒருங்கே குறித்து நிற்பது. முன்சென்றவன் தான் கண்ட வழியைப் பின்செல்வானுக்கு எடுத்துரைக்கும் பாட்டிற்கு ஆற்றுப்படை எனப் பெயரிட்ட பழந்தமிழ்ப் புலவர், சென்றவன் சொல்வது மெய்யாயிருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பின்மீதே அவ்வகைச் செய்யுளை எழுப்பினர். பரிசில் பெற்று மீளும் பாணன் சுவைக்காகச் சுரத்தின் தொலைவைக் குறைத்துக் கூறுவானாயின் பாட்டுச் சிறக்கலாம். அதனைக் கேட்டுச் சென்றவன் நீரின்றி மாள்வான். பயண நூல்களை மதிப்பிடுங்கால் திறனாய்வாளர் பெரும்பாலும் நடையழகையும் வருணனைத் திறத்தையுமே நிறுத்துப் பார்க்கின்றனர். அந்நூலைக் கையிற் கொண்டு அதே வழியிற் சென்றவர்க்கு யாது நேர்ந்தது எனக் கேட்போர் சிலரே. அக்கேள்வியைக் கேட்டற்கு மிகவும் ஏற்ற நூலொன்று ஐக்கிய அமெரிக்காவிலே 1875ஆம் ஆண்டில் வெளிவந்தது. யோன் வெஸ்லி பவல் என்பார் கொலறாடோ ஆற்றின்வழியே தாம் சென்ற பயணத்தைப்பற்றி அரசினர்க்கு அளித்த அறிக்கையே அது.

பவல் 1834ஆம் ஆண்டிற் பிறந்தவர். உள்நாட்டுப் போரில், 1862ஆம் ஆண்டு சைலோ என்னுமிடத்து நிகழ்ந்த சமரிலே வலக்கையை இழந்தவர். போரின் பின் புவிச்சரிதவியல் கற்பித்தார். 1869ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், வையோமிங்கிலே கிறீன் ஆறு என்னும் புகையிரத நிலையத்தருகே, நான்கு படகுகளில் ஒன்பதின்மருடன் அவர் புறப்பட்டார். கண்டத்தின் இரு கரைகளையும் இணைக்கும் இருப்புப்பாதை அம்மாதத்திலேதான் நிறைவேறியிருந்தது; சிக்காகோவிற் கட்டிய படகுகள் புகையிரதத்தில் வந்திறங்கின. யூன் மாதத்திலே லொடோர் என்னும் ஆற்றுக்குடைவில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதறிற்று. யூலை மாதத் தொடக்கத்தில் ஒருவர் போதுமென்று விலகிச் சென்றார். ஓகஸ்ட் மாதம் 28ஆம் நாள் மேலும் மூவர் பிரிந்து பாறைச் சுவரேறிப் போயினர். எஞ்சிய அறுவரும் இரு படகுகளில் மறுநாள் பெருங்குடைவினின்றும் வெளிப்பட்டனர். அடுத்த நாள் வேர்ஜின் ஆற்றுமுகத்திலே அவர்கள் கண்ட குடியேற்றத்தார், ஆற்றிலே மிதந்துவரக்கூடிய உடைந்த பலகைகளை நோக்கியிருக்குமாறு பணிக்கப்பட்டிருந்தனர் என்பது நூலில் வருஞ் செய்திகளுள் மறத்தற்கரியது. இதற்கு முன்னரே, அனைவரும் மூழ்கினர், தான் ஒருவனே தப்பினேன் என்று ஒரு பொய்யன் செய்தித்தாள்களுக்குக் கதை கூறியிருந்தான். பயணம் முடியுமுன்னரே அதற்கு ஒரு போலி மூலம் தோன்றிவிட்டது எனலாம்.

பவலின் அறிக்கை இலக்கியமாகவும் நிற்கத்தக்கது. நாட்குறிப்பு வடிவிலே, நாளுந் திகதியுமிட்டு, நிகழ்காலத்தில் எழுதப்பட்ட நூல் அது. வளைவின் அப்பால் யாதுளது என்பதைப் படகிலிருப்போன் அறியாதவாறே படிப்போனும் அறியான். உணவு குறைந்து வருதலை ஆசிரியர் சொல்லும் இடம் ஒன்றே அவர் திறத்திற்குச் சான்று பகரும். நனைந்து பூஞ்சணம் பிடித்த மாவைக் கொசுவலையில் அரித்தெடுக்கின்றனர். கெட்ட பன்றியிறைச்சியை உலர்த்துகின்றனர். சீனி கரைந்து ஆற்றோடு போய்விட்டது. உலர்ந்த அப்பிள் சில இறாத்தல் உண்டு. கோப்பி மட்டும் நிறைய உண்டு. அச்சத்தைக் குறிக்கும் சொல் ஒன்றேனும் ஆண்டு இல்லை. ஆயினும் அக்கணக்கைப் படிப்பவர் அஞ்சுவர். பாறை அடுக்குகளைக் கண்டவிடத்து அவர் நடை விரிந்து செல்லும். நீர்க்குமுறலில் விழுந்தவிடத்துச் சுருங்கும். ஆற்றின் போக்கே வாக்கியத்தின் போக்காயிற்று என்று ஒரு விமரிசகர் புகழ்வாராயின் அது மிகையாகாது.

எனினும், இந்நூல் பயணத்தின்போது எழுதப்பட்டதன்று. பவல் ஆற்றிலே எழுதியவை நீண்டு ஒடுங்கிய கபில நிறத் தாட்கீற்றுக்களிற் குறித்த சுருங்கிய குறிப்புக்களே. ஆய்வுப் பணிக்குப் பணம் வழங்கும் குழுவிலிருந்த கார்பீல்ட், பின்னாளிற் குடியரசுத் தலைவரானவர், பயண வரலாற்றை வெளியிட்டேயாகவேண்டும் என வற்புறுத்தியதனால் அவற்றை விரித்தெழுதியதாகப் பவலே கூறுகின்றார். அக்குறிப்புக்களும், உடன்சென்ற சம்னர், பிறாட்லி ஆகியோரின் நாட்குறிப்புக்களும் 1947ஆம் ஆண்டில் யூற்றா மாகாண வரலாற்றுக் காலாண்டிதழில் ஒருங்கே அச்சேறின. அன்றுமுதல் இந்நூலுக்குப் பாடபேதங்கள் கிடைத்தன எனலாம். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய தமிழறிஞர்க்கு இதன்பின் நிகழ்ந்தது புதிதாகத் தோன்றாது.

ஓர் உதாரணம் போதும். ஒற்றைக்கையரான பவல் செங்குத்தான பாறையொன்றில் ஏறி, மேலே செல்லவும் கீழிறங்கவும் இயலாது ஒட்டிக்கொண்டு நிற்கின்றார். மேலே நின்ற பிறாட்லியிடம் கயிறில்லை, கொம்பில்லை. அவர் தம் உட்காற்சட்டையைக் கழற்றித் தொங்கவிடுகின்றார். பற்றியிருந்த ஒரே கையைப் பாறையினின்றும் விடுத்து அத்துணியைப் பாய்ந்து பிடித்துப் பவல் உயிர் தப்புகின்றார். நூலில் இந்நிகழ்ச்சி யூன் மாதத்தில், எக்கோ பாறையருகே நிகழ்கின்றது. பிறாட்லியின் குறிப்பிலோ அது யூலை 8ஆம் நாள், மிகக் கீழேயுள்ள டெசொலேசன் குடைவில் நிகழ்ந்தது. அவர் அதனை ஒரு சிறு செய்தியாகவே எழுதிச் செல்கின்றார். காற்சட்டை மெய், பாறை மெய், ஆபத்தும் மெய். இடமும் நாளும் மாத்திரம் பெயர்க்கப்பட்டன. அழகிய பாறைக்கு அழகிய நிகழ்ச்சியொன்று வேண்டியிருந்தது போலும். இம்மாற்றத்தினால் எவர்க்கும் கேடு விளையவில்லை. ஒரு காட்சியை மற்றொரு காட்சியின் பக்கத்தில் வைப்பது கதை கூறுவோர்க்கு உள்ள உரிமை என்று இதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது வேறொன்று. 1871ஆம் ஆண்டு மே மாதத்திலே பவல் மீண்டும் அதே நிலையத்திலிருந்து வேறொரு குழுவினருடன் புறப்பட்டார். பெருங்குடைவின் நடுவே கனாப் ஓடை கலக்கும் இடத்தில், 1872ஆம் ஆண்டு செப்டெம்பரில், வெள்ளப்பெருக்கிற்கு அஞ்சி அப்பயணம் நிறுத்தப்பட்டது. நிலப்படம் வரைதற்கு வேண்டிய அளவைகளுட் பெரும்பகுதியும், முதன்முதல் எடுத்த ஒளிப்படங்களும் இவ்விரண்டாங் குழுவினரின் உழைப்பே. 1875ஆம் ஆண்டு நூலின் பயண வரலாற்றிலோ அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை. அவர்கள் கண்டவை சில 1869ஆம் ஆண்டின் நாட்களுக்குள்ளே புகுத்தப்பட்டுள்ளன. தமிழ் மரபில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர். ஆயின் ஈண்டுச் செருகியவர் பிற்காலத்து ஏடெழுதுவோரல்லர், நூலாசிரியரே. பதினேழு வயதில் அக்குழுவிற் சேர்ந்த பிரெடெரிக் டெலன்போ, 1908ஆம் ஆண்டில் தாமே ஒரு நூல் எழுதித் தம் தோழர்க்கு இடமளிக்க வேண்டியதாயிற்று. தலைவரைப்பற்றி ஒரு கடுஞ்சொல்லும் அவர் எழுதவில்லை. அந்நூலின் பணிவே பவல்மீது சுமத்தத்தக்க குற்றச்சாட்டுக்களுட் கடுமையானது எனத் தோன்றுகின்றது.

இனி, நூலை நம்பி ஆற்றிலிறங்கியவரைக் காணல் வேண்டும். 1889ஆம் ஆண்டிலே, கொலறாடோவின் கரையோரமாக இருப்புப்பாதை அமைக்கக்கூடுமா எனப் பார்த்தற்குப் பிராங் பிறவுன் என்பவர் ஒரு கூட்டத்தை நடத்திச் சென்றார். றோபேட் ஸ்ரான்ரன் அதன் பொறியியலாளர். பவலின் நூல் அவருக்கு வழிகாட்டி. படகுகள் மெலிந்தவை, உயிர்காப்பு மிதவை ஒருவரிடமும் இல்லை. யூலை 10ஆம் நாள் மாபிள் குடைவிலே பிறவுன் மூழ்கினார். ஐந்து நாட்களின் பின் மேலும் இருவர் மூழ்கினர். ஸ்ரான்ரன் மலையேறித் தப்பி, அவ்வாண்டு முடிவிலே வலிய படகுகளும் ஒவ்வொருவர்க்கும் ஒரு மிதவையுங் கொண்டு மீண்டும் வந்து, 1890ஆம் ஆண்டு ஏப்பிரிலிற் கடல்வரை சென்று முடித்தார். பல்லாண்டுகள் கழித்து, பவலின் முதற் குழுவிற் சமையற்காரராயிருந்த ஹோக்கின்ஸ் அவரிடம் ஒரு பொருளைக் கொடுத்தார். பவல் 1869ஆம் ஆண்டில் அணிந்திருந்த இறப்பர் மிதவை அது. மற்றையோர்க்கு அத்தகைய மிதவை இருந்ததில்லை. தாம் ஒன்று அணிந்தமையைப் பவலின் நூல் எங்குங் கூறவுமில்லை.

ஆற்றுப்படைப் பாணனைத் தொடக்கத்தில் நினைவூட்டியது இதற்காகவே. ஒற்றைக்கையர் ஒருவர் மிதவையணிதல் இழுக்கன்று, அறிவுடைமையாகும். அதனைச் சொல்லாது விடுத்தமையால் வீரம் ஒருசிறிது கூடிற்று. பின்வருவோர் அறியவேண்டிய செய்தி ஒன்று குறைந்தது. பிறவுனின் சாவை நூலின் தலையில் முழுதும் ஏற்றுதல் நேர்மையன்று. மிதவை கொண்டுசெல்லுமாறு நண்பர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. நூலைப் படியாதவனுக்கும் ஆற்றிலே மூழ்கலாம் என்பது தெரியும். ஆயினும் ஸ்ரான்ரன் தம் வாழ்நாளின் இறுதிவரை இம்மௌனத்தை மன்னித்திலர். அவர் திரட்டிய சான்றுகள் அவர் இறந்து பத்தாண்டுகளின் பின், 1932ஆம் ஆண்டில் நூலாயின. அது கசப்பு மிக்க நூல். சினத்துடன் எழுதப்படும் உரை மூலத்தின் குறைகளைத் தவறாது காணும், நிறைகளைக் காணாது.

ஸ்ரான்ரனின் சினம் முற்றுங் குவிந்தது மூவர் பிரிந்த நிகழ்ச்சியின்மீதாகும். ஒராமெல் ஹௌலண்ட், அவர் தம்பி செனெக்கா, வில்லியம் டன் ஆகிய மூவரும் ஆற்றிலே மேலுஞ் செல்ல மறுத்த இடம் இன்று பிரிவுக் குடைவு எனப்படும். பவல் இதனை வியத்தகு நிதானத்துடன் எழுதுகின்றார். மூத்த ஹௌலண்ட் மாலையில் வந்து தம் கருத்தைச் சொல்லுகின்றார். பவல் இரவெல்லாம் உறங்காது மணலில் உலாவிக் கணக்கிடுகின்றார். தாமும் விட்டுவிடலாமோ என ஒருகணம் எண்ணுகின்றார். விடியலில் உணவு பகிரப்படுகின்றது. சம்னர் தம் கடிகாரத்தை உடன்பிறந்தாளிடம் சேர்ப்பிக்குமாறு கொடுக்கின்றார். மற்றவன் செல்லும் வழியே ஆபத்தானது என இரு சாராரும் கருதிக் கண்கலங்கிப் பிரிகின்றனர். படகுகள் விரைவோட்டத்தைக் கடந்தபின், பிரிந்தோர் மனமாறி வருவரோ எனத் துப்பாக்கி வெடித்துக் காத்திருக்கின்றனர். அவர்களுக்கென மூன்றாவது படகொன்று கரையில் விடப்பட்டிருந்தது. எவருங் குற்றவாளியாகக் காட்டப்படாத இப்பகுதி நூலின் மணிமுடி.

சம்னரும் ஹோக்கின்சும் முதுமையில் ஸ்ரான்ரனிடம் கூறியது வேறு. பவலுக்கும் டன்னுக்குமிடையே நெடுநாட் பகையிருந்தது என்றும், தலைவரின் கடுமை தாங்காமலே மூவரும் போயினர் என்றும் அவர்கள் சொன்னார்கள். இவ்விரு பாடங்களுள் எதனைக் கொள்வது? பிறாட்லியின் நாட்குறிப்பே ஈண்டு நடுவராதல் வேண்டும். அது அன்றன்று ஒளித்து எழுதப்பட்டது. அச்சிடும் நோக்கம் அவர்க்கில்லை. தலைவரை அவர் பல நாட்களில் மனந்திறந்து குறை கூறியும் உள்ளார். அத்தகையவர், பிரிவு நாளிலே, விரைவோட்டத்தின் கொடுமையையே காரணமாகக் குறிக்கின்றார். சம்னர் அக்காலத்தில் எழுதிய குறிப்பிலும் அப்பகை இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகளின் பின், ஊதியம் கிடைக்கவில்லை என்னும் மனத்தாங்கலோடு சொல்லப்பட்டதை அன்றெழுதியதற்கு மேலாக வைத்தல் பதிப்பாசிரியர் எவரும் ஒப்பாத முறை. முகாமிற் சச்சரவே இருந்ததில்லை என்பது இதன் பொருளன்று. பத்துப்பேர் நனைந்த மாவைத் தின்று மூன்று மாதம் ஒன்றாயிருந்தவிடத்துச் சச்சரவு இல்லாதிருந்தால் அதுவே வியப்பு. ஆனால் மூவரை ஓடிப்போனவராக எண்ணிய டெலன்போவின் பாடமும் ஏற்றற்குரியதன்று. அவர் சென்ற பயணம் கனாப் ஓடையில் நின்றுவிட்டது. பிரிவுக் குடைவு அதற்கு ஏறத்தாழ 100 மைல் கீழே உளது. மூவர் கண்டஞ்சிய நீரை அவர் அப்பயணத்திற் கண்டவரல்லர்.

பிரிந்த மூவரும் ஊர்ப்புறத்தை அடையவில்லை. சில நாட்களில் சிவ்விற்ஸ் பயூற் மக்கள் அவர்களைக் கொன்றனர் என்னும் செய்தி பரவிற்று. 1870ஆம் ஆண்டிலே பவல் யேக்கப் ஹம்ளின் என்னும் மோர்மன் சமயத்தாரை மொழிபெயர்ப்பாளராகக் கொண்டு அம்மக்களிடஞ் சென்றார். ஆற்றின் மறுகரையிலே ஒரு பெண்ணுக்குத் தீங்கிழைத்த சுரங்கக்காரர் இவரே எனப் பிழையாக எண்ணிக் கொன்றோம் என அவர்கள் ஒப்புக்கொண்டதாக நூல் கூறும். அன்றிரவு தாம் அவர்களருகே அமைதியாக உறங்கியதாகவும் பவல் எழுதுகின்றார். அழகிய வாக்கியமே. ஆயின் அவ்வொப்புதல் ஒருவரின் நாவழியாக மட்டும் பவலின் செவிக்கு வந்தது. உடல்கள் கிடைக்கவில்லை. அயலூர் மோர்மன்களே கொன்றிருக்கலாம் என்னும் ஐயத்தை 1883ஆம் ஆண்டுக் கடிதமொன்று பின்னாளிற் கிளப்பியது. அதுவும் எதனையும் நாட்டப் போதியதன்று. நூற்றாண்டு கடந்தும், சொந்த எழுத்தில்லாத ஒரு சிறு குடி, பிறர் எழுதிய ஒரு வாக்கியத்தினாற் கொலைப்பழி சுமந்து நிற்கின்றது. பவலைப் பின்தொடர்ந்த நூலாசிரியர் பலரும் பிறாட்லியையும் சம்னரையும் எதிரெதிர் வைத்து ஆய்ந்த நுணுக்கத்தில் ஒரு கூறேனும் இவ்வாக்கியத்திற்குச் செலவிட்டாரல்லர்.

இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்க சிறு நிகழ்ச்சியொன்று நூலிலேயே உண்டு. பிரிவிற்கு இரு நாள் முன்னர், அறியப்படாத ஆறு என அவர்கள் அழைத்த அக்குடைவினுள்ளே ஒரு தோட்டத்தைக் காண்கின்றனர். சோளமும் பூசணியும் அங்கே விளைகின்றன. பசி மிக்கவராய்ப் பூசணிக்காய்களைப் பறித்துக்கொண்டு விரைகின்றனர். இது களவே என்பதைப் பவல் மறைக்கவில்லை. தேவையைக் காரணங் காட்டித் தம்மைத் தாமே மன்னிக்கின்றார். அறியப்படாத ஆற்றங்கரையிலே பூசணி நட்டவர் யார் என்று அவர் அவ்விடத்து வினவவில்லை. எனினும் அக்காயை நூலிலிருந்து நீக்காமல் விட்டமைக்காக அவரைப் பாராட்டலாம். மிதவையை மறைத்தவர் பூசணியை மறைத்திலர்.

பின்வந்தோருள் ஆற்றைச் செலுத்தும் முறையிலேயே பவலைத் திருத்தியவரும் உளர். பவலின் படகோட்டிகள் முன்னேயுள்ள பாறைக்கு முதுகு காட்டி வலித்தனர். அடிமரம் நீண்ட, கனத்த படகுகள் எளிதில் திரும்பா. நதானியேல் கலோவே என்னும் பொறிவைத்து விலங்கு பிடிப்பவர், படகின் பின்புறத்தை முன்னே செலுத்தி, ஓட்டத்தைப் பார்த்தவாறே எதிர்வலித்து வேகத்தைக் குறைக்கும் முறையைக் கைக்கொண்டார். 1911–12ஆம் ஆண்டுகளில் எல்ஸ்வேத், எமெரி என்னும் கோல்ப் சகோதரர் அவ்வகைப் படகுகளிலே அசையும் படக்கருவியுடன் சென்றனர். எல்ஸ்வேத் 1914ஆம் ஆண்டில் எழுதிய நூல் எளிய நூல்; படகு கவிழ்ந்ததையும் கருவி நனைந்ததையும் தம் அச்சத்தையும் கூச்சமின்றிக் கூறுவது. இலக்கியத் தரத்தில் அது பவலின் நூலுக்கு அருகேயும் வாராது. வழித்துணையாகக் கொள்ளவேண்டுமாயின் அதனையே கொள்ளலாம்.

வலஸ் ஸ்ரெக்னர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட பவல் வரலாறு இவ்வழக்கு முழுவதையும் மீளக் கேட்டுத் தலைவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வரண்ட நிலங்களைப்பற்றிப் பவல் 1878ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையையே அவர் பெருஞ்சாதனை என மதித்தார். மேற்கில் நிலமளவுக்கு நீரில்லை என அறிந்து சொன்னவர் பயண நூலிற் சில நாட்களை மாற்றியது பெரிதன்று என்பது அவர் நிலை. நடையாலும் அறிவாலும் இந்நூலை வெல்லும் பவல் வரலாறு வேறில்லை. ஆனால் சிறந்த வழக்கறிஞர் சிறந்த உரையாசிரியராதல் அரிது. கொள்கையிற் பெரியவர் என்பதனால் மிதவைபற்றிய மௌனம் சிறிதாகிவிடாது.

மூலத்தோடு நேர்மையாக நடந்துகொண்ட உரை சொற்களால் ஆகியதன்று. 1968ஆம் ஆண்டில் யூயின் சூமேக்கர் என்னும் புவிச்சரிதவியலாளரும் ஹல் ஸ்ரீவன்சும், இரண்டாங் குழுவின் ஒளிப்படக்காரரான பீமனும் ஹில்லேர்சும் 1871–72இல் முக்காலி நாட்டிய இடங்களைத் தேடிச்சென்று, அதே கோணத்தில் மீண்டும் படம் எடுத்தனர். பின்னாளில் ஒரு வால்வெள்ளிக்குப் பெயர் தந்தவர் இச்சூமேக்கரே. 1987இல் வெளிவந்த அத்தொகுப்பிலே பழைய படமும் புதிய படமும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன. கரையிலே உருண்டு கிடந்த பாறைகள் பல நூறாண்டின் பின்னும் அவ்விடத்திலேயே கிடக்கின்றன. ஸ்ரான்ரனின் படங்களை அவ்வாறே மீள எடுத்த றோபேட் வெப், 1890ஆம் ஆண்டிற் கண்ட பாலைச் செடிகள் சில இன்னும் உயிரோடிருத்தலைக் காட்டினார். ஒரு தலைவரைப் புகழவோ இகழவோ இம்முறைக்கு வாயில்லை. எங்கே நின்றார் என்பதை மட்டுமே அது கேட்கும்.

அத்தொகுப்பில் ஆறே இல்லாத பக்கங்களும் உள. 1935ஆம் ஆண்டில் ஹூவர் அணையின் நீர்த்தேக்கம் பெருங்குடைவின் அடிப்பகுதியிலே ஏறத் தொடங்கிற்று. மூவர் அஞ்சிய பிரிவு விரைவோட்டம் அதன் நீரிலும் வண்டலிலும் புதைந்தது. எவருடைய பாடம் சரி என அவ்விடஞ் சென்று தீர்த்தல் இன்று இயலாது. ஆற்றின் குரலே அடங்கிவிட்டது. 1960களில் மேலே பிளேமிங் கோர்ஜ் அணையும், 1963ஆம் ஆண்டு மார்ச்சிலே கிளென் குடைவு அணையும் நீரைத் தடுத்தன. செந்நிறத்தது என இசுப்பானியர் பெயரிட்ட ஆறு, அணையினின்றும் பச்சை நிறத்ததாய்க் குளிர்ந்து வெளியேறுகின்றது. மணற்கரைகள் தேய்கின்றன. 2019ஆம் ஆண்டில், 150 ஆண்டு நிறைவையொட்டி வையோமிங்கிலிருந்து அறிஞர் சிலர் அவ்வழியே சென்றபோது, வெற்றிப் பயணத்தைப் போற்றுதலினும் நீர்ப் பங்கீடும் பழங்குடியினர் உரிமையுமே அவர்தம் பேச்சாயின. மறுவருடம் வெளியான கட்டுரைத் தொகுதியும் அத்தன்மையதே. பவலின் நூலினும் பவலின் 1878ஆம் ஆண்டு அறிக்கையே அவர்கள் கையில் இருந்தது எனலாம்.

பெருங்குடைவின் தென்விளிம்பிலே 1918ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பவல் நினைவுச் சின்னத்திற் பயணத் தோழர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஹௌலண்ட் சகோதரர் பெயரும் டன்னின் பெயரும் ஆண்டு இல்லை. அவர்கள் தம் பெயரைத் தாமே வேறோரிடத்திற் பொறித்திருந்தனர். 1869ஆம் ஆண்டு கோடையிலே கிளென் குடைவில், பாறை குடைந்து மண்டபமாய் நின்ற ஓரிடத்தில் குழுவினர் தங்கினர். இரவிலே பவலின் தம்பி வோல்ரர் பாடியபோது அம்மண்டபம் முழுதும் ஒலி நிறைந்தமையால் அதற்கு இசைக்கோயில் எனப் பெயரிட்டனர். மூவரும் அச்சுவரிலே தம் பெயரைச் செதுக்கினர். 1871இல் அவ்வழி வந்த இரண்டாங் குழுவினர் அவ்வெழுத்துக்களைக் கண்டு நின்றனர் என டெலன்போ குறிக்கின்றார். பின்சென்ற பயணிகள் பலரும் கண்டனர். 1963ஆம் ஆண்டின்பின் ஏறிய நீர் அம்மண்டபத்தை மூடிற்று. 2023ஆம் ஆண்டில் அந்நீர்த்தேக்கம் நிரப்பப்பட்ட காலந்தொட்டு என்றுமில்லாத அளவுக்குத் தாழ்ந்தபோதும் அச்சுவர் வெளிப்படவில்லை. நீர்த்தேக்கத்தின் பெயர் பவல் ஏரி.